பழி விரல்மேல்

கணினிப் பயிற்சி மையத்தின் பாடப் புத்தகம் ஆகட்டும், அலுவலகச் சுற்றறிக்கை ஆகட்டும், தரவுத்தளத்தில் பிழையில்லாமல் பதிவது எப்படி என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. கவனமாக அடியுங்கள், அடித்ததை ஒருமுறை படித்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள். கூடவே ஒரு பட்டியலும் தருவார்கள். இலக்கங்கள் இடம் மாறுவது, தேதியும் மாதமும் புரண்டுபோவது, ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றுவது, தேவையான கட்டத்தைக் காலியாக விடுவது, ஒரே ஊரை நான்கு விதமாக எழுதுவது. பட்டியலில் குறையில்லை. அன்றாடம் நடக்கும் பிழைகள் இவைதாம். அத்தனைக்கும் சேர்த்து 'கவனம்' என்று ஒற்றை மருந்துச் சீட்டு எழுதித் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இந்த மருந்துக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு? அதற்குச் செலவே இல்லை. மென்பொருளில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பிழை வெளிப்பட்டால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது: சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவரை, அல்லது பட்டியலிலேயே இல்லாத ஒப்பந்த ஊழியரை. இன்றைக்கு இத்தனை விண்ணப்பம் முடித்தாக வேண்டும் என்று இலக்கு வைப்பவரும், நிதானமாக அடி என்று புத்தி சொல்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பிழை தட்டச்சுப் பலகையில் வெளிப்படுகிறது என்பது உண்மை. அது பிறக்கும் இடம் வேறு என்பது என் வாதம். அட்டவணையை வடிவமைத்தவர், படிவத்தில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர், திருத்த மனுவுக்கு எத்தனை கையெழுத்து என்று விதித்தவர், இவர்களுடைய மேசைகளில் அது பிறக்கிறது.

இந்தத் தொழிலின் முன்னோடிகள் கவனத்தை நம்பவே இல்லை என்பதை இப்போது மறந்துவிட்டோம். துளையட்டைக் காலத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய கூடங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அட்டைகளில் துளை போட்டுக்கொண்டிருந்த காலம். முக்கியமான வேலை என்றால், ஒருவர் துளையிட்ட அட்டைக் கட்டு அப்படியே கணக்கிடும் எந்திரத்துக்குப் போகாது. சரிபார்ப்பு எந்திரம் என்று தனியாக ஒன்று இருந்தது. இன்னொருவர் அதே மூலத் தாளைப் பார்த்து, அதே அட்டைக்கு முதலிலிருந்து மறுபடி அடிப்பார். அந்த எந்திரம் துளை போடாது. ஏற்கெனவே இருக்கும் துளையோடு இப்போது அழுத்தும் விசை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். பொருந்தாவிட்டால் நின்றுவிடும். திரும்ப அடித்தும் பொருந்தாவிட்டால் அந்தப் பத்திக்கு நேராக அட்டையின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு விழும். அட்டை முழுவதும் பொருந்தினால் வலது ஓரத்தில் வெட்டு விழும். கட்டை அடுக்கி ஓரத்தைப் பார்த்தாலே தேறாத அட்டை எதுவென்று தெரிந்துவிடும். ஐ.பி.எம். இதற்கென்றே எந்திரங்கள் செய்தது. ஒரே தாளை அடிக்க இரண்டு ஆள் கூலி. காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் முதலாளிகள் அதைக் கொடுத்தார்கள் என்றால், 'கவனமாக அடி' என்று சுவரில் எழுதி ஒட்டினால் காரியம் ஆகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

திரை வந்ததும் அந்த இரண்டாவது ஆளைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அவருடைய இடத்தில் 'அடித்ததை நீங்களே படித்துப் பாருங்கள்' என்ற அறிவுரையை உட்கார வைத்தார்கள். அது எவ்வளவு உதவும் என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு. கிம்பர்லி பார்ச்சர்ட், லாரி பேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்து ஒரே வேலையைக் கொடுத்தார்கள். சிலர் ஒருமுறை அடித்தால் போதும். சிலர் அடித்துவிட்டுக் கண்ணால் ஒப்பிட வேண்டும். சிலர் இரண்டு முறை அடிக்க, வேறுபடும் இடங்களை மென்பொருள் காட்டும். கண்ணால் ஒப்பிட்டவர்களிடம் எஞ்சிய பிழைகள், இருமுறை அடித்தவர்களிடம் எஞ்சியதைப்போல ஏறத்தாழ 30 மடங்கு. அதைவிட உறைக்கும் முடிவு, கண்ணால் ஒப்பிட்டவர்களுக்கும் ஒப்பிடாமலே விட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது. அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தான் அடித்ததைத் தானே படிக்கும்போது கண் காகிதத்தைப் பார்ப்பதில்லை. மனசில் இருப்பதைப் பார்க்கிறது. அதனால்தான் அந்தக் காலத்து அச்சகங்களில் புரூஃப் ரீடருக்குப் பக்கத்தில் மூலத்தை உரக்கப் படிக்க காப்பி ஹோல்டர் என்று ஒருவர் இருந்தார்.

'ஒருவர் போதாது என்றால் மூன்று பேரை வைப்போம், மூவரும் கவனமாக இருப்பார்கள்' என்று ஒரு வாதம் வரும். வங்கிகளில் இது வேதவாக்கு. ஒருவர் பதிவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் ஒப்புதல் தருவார். ஆறு கண்கள் பார்க்கின்றன என்பது கணக்கு. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டிபேங்க் இந்த ஆறு கண்களோடுதான் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி அனுப்பியது. அனுப்ப நினைத்தது 78 லட்சம் டாலர். போனது ஏறத்தாழ 90 கோடி டாலர். பதிந்தவரும் சரிபார்த்தவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள். ஒப்புதல் தந்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. மூவருமே ஒரே தவறான புரிதலில் இருந்தார்கள். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்குக்குத் திரும்ப வேண்டுமானால், ஃபிளெக்ஸ்கியூப் என்ற அந்த மென்பொருளில் மூன்று வெவ்வேறு கட்டங்களை நிரப்ப வேண்டும். அவர்கள் நிரப்பியது ஒன்றை. 'அசல்' என்று பெயரிட்ட கட்டத்தை நிரப்பினால் போதும் என்று எந்த மனிதரும் நினைக்கத்தான் செய்வார். ஒப்புதல் திரையில் எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று. எவ்வளவு பணம் என்று அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதானே என்று எண்ணி ஒப்புதல் கொடுத்தார்கள். இதில் எந்த விரலைக் குற்றம் சொல்வது? மூன்று பேரும் கவனமாகத்தான் இருந்தார்கள். ஒரே படிவம் மூவரையும் ஒரே திசையில் தள்ளியது. கண்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை குறையும் என்பது, ஒவ்வொரு கண்ணும் வேறு இடத்திலிருந்து பார்த்தால் மட்டுமே செல்லும்.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், ஜே-காம் என்ற நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கப் பதிந்துவிட்டார். இழப்பு சுமார் 4,000 கோடி யென். திரையில் எச்சரிக்கை வந்தது, அவர் தாண்டிப் போனார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான் என்பதை அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. இல்லாத பங்குகளுக்கு வந்த ஆணையை ஒரு கணினி ஏன் எச்சரிக்கையோடு விட்டது, மறுக்க அல்லவா வேண்டும்? இன்னொரு அட்டவணையோடு ஒரு ஒப்பீடு; அவ்வளவுதான் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு, ஆணையை ரத்து செய்ய முயன்றபோது சந்தையின் சொந்த மென்பொருளில் இருந்த பிழை அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் பங்குச் சந்தையின் தலைவரே பதவி விலகினார். பழி மேலே ஏறிய அபூர்வமான ஒரு தடவை.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு வேறு வேடம் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். 'சரி, மனிதரை நம்ப வேண்டாம். கட்டுப்பாடுகளைக் கடுமையாக்குவோம். எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்குவோம். சிவப்பு நட்சத்திரம் போடுவோம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.' கவனத்தை உபதேசிப்பவர்களைவிட இவர்கள் செய்யும் சேதம் பெரிது என்பேன். காரணம், தரவுத்தளத்தில் பிழை இரண்டு ஜாதி. பார்த்தாலே பிழை என்று தெரிவது ஒன்று. காலியான கட்டம், ஒன்பது இலக்கக் கைப்பேசி எண், பிப்ரவரி 30 எல்லாம் அந்த ஜாதி. சரியானதுபோலவே உட்கார்ந்திருப்பது மற்றொன்று. முதல் ஜாதியை என்றைக்காவது தேடிப் பிடிக்கலாம். இரண்டாவதைத் தேடக்கூட முடியாது. கண்மூடித்தனமான கட்டாயம் செய்வதெல்லாம் முதல் ஜாதியை இரண்டாவதாக மாற்றுவதுதான்.

பிரவுசிங் சென்டர்களில் இது அன்றாடக் காட்சி. விண்ணப்பிக்க வந்திருப்பது எழுபது வயதுப் பாட்டி. மின்னஞ்சல் முகவரி கட்டாயம். அவரிடம் ஏது? கடைக்காரர் தன்னுடையதைப் போடுகிறார். கைப்பேசி எண் கட்டாயம்; அதற்கும் தன் எண். தெருவில் பாதிப் பேருக்கு அந்த எண்ணே பதிவாகிறது. பிறகு ஓ.டி.பி. அவருக்குத்தான் வரும். கடைக்காரரைக் குறை சொல்வீர்களா? அவர் அப்படிச் செய்திராவிட்டால் பாட்டிக்கு உதவித்தொகை விண்ணப்பமே போயிருக்காது. 'இவரிடம் மின்னஞ்சல் இல்லை' என்பது ஓர் உண்மையான தகவல். அதை ஏற்க மறுத்து, பொய்யைக் கேட்டு வாங்கியது படிவம். பிறந்த தேதிக்கும் இதே கதி. வயது மட்டும் தெரிந்தவருக்கு ஆதாரில் அந்த ஆண்டின் ஜனவரி 1 பதிவாகும். அது உத்தேசமான தேதி என்ற குறிப்பு உள்ளே எங்கோ இருக்கும். அட்டையில் அச்சாகி அடுத்த அலுவலகத்துக்குப் போகும்போது அந்தக் குறிப்பு கூடவே போவதில்லை. அங்கே அது மெய்யான பிறந்தநாள் ஆகிவிடும். (நம் பழைய தலைமையாசிரியர்கள் பள்ளியில் சேர்க்க வசதியாக எழுதிய பிறந்தநாள்கள் இதற்கு முன்னோடி. அந்தத் தேதிகளின்படி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.)

தேதியையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். நாளை முன்னால் எழுதுவதா, மாதத்தை முன்னால் எழுதுவதா என்ற குழப்பத்துக்கு 'கவனமாகப் பாருங்கள்' என்பது என்ன பதில்? 25/04 என்றால் மாதம் எது என்பதில் ஐயம் வராது. புரட்டி அடித்தால் கணினியே ஏற்காது. 03/04 என்றால் இரண்டு வழியிலும் செல்லும். ஆண்டுக்கு இப்படி 132 நாட்கள். அந்த 132 நாட்களில் எவ்வளவு கவனமாக அடித்தாலும், எதிரே இருக்கும் திரை எந்த வரிசையை எதிர்பார்க்கிறது என்று தெரியாவிட்டால் பிழைதான். மாதத்தை 'ஏப்ரல்' என்று எழுத்தில் காட்டினால் அந்தப் பிழை அந்தத் திரையில் நடக்க வழியே இல்லை. பயிற்சி வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம். இவ்வளவு எளிதான காரியத்தைச் செய்யாமல் ஆளை வேலைக்கு வைத்துத் திட்டுகிறார்கள்.

பெயர் விஷயத்துக்கு வந்தால் தமிழர்களுக்குக் கோபம் வர நியாயம் உண்டு. கண்ணன் என்று ஒருவர். அப்பா பெயர் சுப்பிரமணியன். ஊர் வழக்கப்படி அவர் எஸ். கண்ணன். முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தில் அவரை எங்கே உட்கார வைப்பது? ஓர் ஊழியர் முதற்பெயரில் கண்ணன், கடைப்பெயரில் எஸ் என்று போடுவார். இன்னொருவர் எஸ் என்பதை முன்னால் போடுவார். புள்ளி வைப்பவர் உண்டு, இடைவெளி விடாதவர் உண்டு. பான் அட்டை விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்பா பெயர் கடைப்பெயராகிவிடும். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து கடைப்பெயரின் முதல் எழுத்து என்பதால், கண்ணனின் எண்ணில் நிற்பது அப்பாவின் எழுத்து. பிறகு வருங்கால வைப்பு நிதிப் பணம் எடுக்கப் போகும் நாளில் ஆதாரில் ஒரு கண்ணன், பானில் ஒரு கண்ணன், வங்கியில் ஒரு கண்ணன், மூவரும் ஒருவரல்ல என்று கணினி சொல்லும். இந்த மூன்று பதிவுகளிலும் எந்த ஊழியரும் ஓர் எழுத்தைக்கூடத் தவறாக அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த கட்டங்களுக்கு விசுவாசமாக நடந்துகொண்டார். முழுப்பெயர் என்று ஒரே கட்டம் கொடுத்து, இனிஷியலுக்கு வேண்டுமானால் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் கொடுத்திருந்தால், பெயர் திருத்த அலையும் கூட்டத்தில் பெரும்பாதி இ-சேவை மையத்துக்கு வந்தே இருக்காது. குடும்பப் பெயர் உள்ளவர்களின் வழக்கத்தை அளவெடுத்துத் தைத்த படிவத்தை, குடும்பப் பெயர் இல்லாத ஒரு மாநிலத்துக்கு அப்படியே மாட்டிவிட்டு, பொருந்தாததற்கு உள்ளீட்டாளரைக் கேள்வி கேட்கிறோம்.

தமிழிலிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது லட்சுமிக்கு 'கே எஸ்' போடுவதா 'எக்ஸ்' போடுவதா என்பதும் ஊழியரின் கவனத்தால் தீரும் விவகாரம் அல்ல. ஊர்ப் பெயரிலும் இதே தலைவலி: தூத்துக்குடியும் டூட்டிகோரினும் ஒரே தரவுத்தளத்தில் இரண்டு ஊர்களாக வாழ்ந்துகொண்டிருக்கும். 2020 ஜூனில் தமிழக அரசே 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அரசாங்கத்தாலேயே நிலைப்படுத்த முடியாத ஒன்றை நாள் கூலி உள்ளீட்டாளர் எப்படி நிலைப்படுத்துவார்? ஊர்ப் பெயரை அடிக்கவே விடாமல், குறியீட்டெண்ணோடு கூடிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்தால் எழுத்துக்கூட்டலை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் எதிர்பார்த்து வடிவமைக்க முடியாது என்று சொல்வார்கள். முடியும் என்பதற்குச் சான்று அதே ஆதார் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த 12 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் எந்தத் தகவலையும் சுமக்கவில்லை. அது முந்தைய 11 இலக்கங்களைக் காவல் காக்கும் சரிபார்ப்பு இலக்கம். நெதர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969இல் உருவாக்கிய முறை அது. மனிதர்கள் எண்களை எழுதும்போது எப்படியெல்லாம் தவறுகிறார்கள் என்று முதலில் அவர் பார்த்தார். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதுவதே மிகுதி. அடுத்தபடியாகப் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. இந்த இரண்டையும் ஒன்றுகூடத் தப்பாமல் பிடிக்கும்படி தன் முறையை அமைத்தார். ஆதார் எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் சரிபார்ப்பு இலக்கத்தைச் சோதிக்கும் எந்த மென்பொருளும் அந்த நொடியே மறுத்துவிடும். எண்ணை வடிவமைத்தவர்கள் விரல் தவறும் என்று ஒப்புக்கொண்டு தொடங்கினார்கள். ஆகவே அந்த இரண்டு வகைத் தவறும் உள்ளே நுழைய வழியில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் முகவரியையும் வடிவமைத்தவர்கள் விரல் தவறாது என்று நம்பினார்கள். இந்த இரண்டாவது நம்பிக்கையின் விளைவு என்ன என்பதை எந்த ஆதார் சேவை மையத்தின் வாசலிலும் பார்க்கலாம்.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு நம் நாட்டில் அப்படிப் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. வங்கிக்கு வங்கி நீளமும் வேறு. ஐரோப்பாவில் புழங்கும் ஐபேன் எண்ணில் இரண்டு இலக்கங்கள் காவலுக்கு நிற்கின்றன. இங்கே 2010இல் ரிசர்வ் வங்கி தந்த வழிகாட்டுதலின்படி, மின்னணுப் பரிமாற்றத்தில் பணத்தை வரவு வைக்கக் கணக்கு எண் மட்டுமே போதும். பெயர்க் கட்டம் படிவத்தில் இருக்கும், நாமும் பொறுப்பாக நிரப்புவோம், அதை யாரும் ஒப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சோதனையும் செய்யாத கட்டம் அது. எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு வாடிக்கையாளருக்கே என்ற வாசகம் மட்டும் தவறாமல் இருக்கும். கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்கிறார்களே என்றால், அது துளையட்டைக் கூடத்தின் கேலிச் சித்திரம்: அங்கே இரண்டாவது ஆள் மூலத் தாளைப் புதிதாகப் பார்த்தார், இங்கே அதே ஆள், தவறாகக் குறித்துக்கொண்ட அதே துண்டுச் சீட்டைப் பார்த்து அதே தவறை இரண்டாம் முறையும் அடிக்கிறார்.

இதற்கு வழி தெரியாமல் இருந்தார்களா என்றால் இல்லை. 2016இல் வந்த யு.பி.ஐ.யில் டீக்கடைக்குப் பத்து ரூபாய் அனுப்பும்போதுகூடப் பெறுபவரின் பெயர் திரையில் வந்துவிடுகிறது. பத்து லட்சம் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் முறைகளில் அந்த வசதியைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு வைத்த கெடு 2025 ஏப்ரல் 1. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓர் இலக்கம் தவறி, முகம் தெரியாத யாருடைய கணக்குக்கோ பணத்தை அனுப்பிவிட்டு வங்கி மேலாளர் முன் நின்றவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? கவனமாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான்.

மென்பொருளே பொய்க்குத் துணைபோன கதையையும் விட்டுவிட முடியாது. இணையதளங்களில் மிகப் பரவலாகப் புழங்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் பல ஆண்டுகள், கொள்ளாத எண் வந்தால் கொள்ளும் அளவுக்கு வெட்டி வைத்துக்கொண்டது; செல்லாத தேதி வந்தால் சுழியங்களால் ஆன ஒரு தேதியைப் போட்டுக்கொண்டது. அடித்தவருக்கு வெற்றிச் செய்தி போகும். இயல்பிலேயே கண்டிப்பாக மறுக்கும் நிலைக்கு அது வந்தது 2015இல் வெளியான 5.7 பதிப்பில். மதிப்பு இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் எழுதிவைக்கும் விதியை வாசித்துவிட்டு அமைதியாகப் புறக்கணிக்கும் பழக்கத்தை அது விட்டது 2019இல். எக்செல் கதை ஊரறிந்தது: மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களின் சுருக்கம்போல் இருக்கும் மரபணுக் குறியீடுகளை அது தேதியாக மாற்றிவிடும். அப்படிப்பட்ட பட்டியல்களோடு வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருந்ததாக 2016இல் கண்டுபிடித்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட கட்டுரைகள். கவனத்துக்கு அதற்குமேல் எங்கே போவது? மரபணுப் பெயரிடும் குழு 2020இல் விஞ்ஞானிகளுக்குக் கவன வகுப்பு எடுக்கவில்லை. மரபணுக்களின் குறியீடுகளையே மாற்றிவிட்டது.

உறவுசார் தரவுத்தளத்தின் தந்தை எட்கர் காட் 1985இல் வகுத்த விதிகளில் இரண்டு இங்கே பொருந்தும். தகவல் இல்லை என்பதைச் சுழியத்தாலும் வெற்று எழுத்தாலும் குறிக்காமல், இல்லாமை என்றே முறையாகப் பதிய வழி இருக்க வேண்டும் என்பது ஒன்று. தரவின் ஒழுங்கைக் காக்கும் விதிகள் ஒவ்வொரு திரையிலும் நிரலிலும் சிதறிக் கிடக்காமல் தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நடைமுறையில் இருந்தால் பாட்டிக்குப் பொய் மின்னஞ்சல் தேவைப்படாது. இரண்டாவது இருந்தால் எந்தத் திரை வழியாக வந்தாலும் பிழை ஒரே வாசலில் மறிபடும். நாற்பது ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடமாக நடத்தும் விஷயத்தை அலுவலகத்தில் புதுமைபோல விளக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் கடைசிக் கோட்டை ஒன்று உண்டு: 'மூலத்தில் இருப்பதை மாறாமல் ஏற்றினால் போதும்.' தமிழகத்தின் நில ஆவணங்களைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்றால் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும், பட்டாப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பெயர் மாறியது, புல எண் மாறியது, ஒருவருடைய நிலம் பக்கத்துக்காரர் பட்டாவில் ஏறியது என்று பல இடங்களில் பிழைகள். எல்லாம் பேனாவால் காகிதத்தில் நடந்தவை. பிறகு கணினி வந்தபோது, உள்ளீட்டாளர்கள் பதிவேட்டில் இருந்ததை அப்படியே ஏற்றினார்கள். அச்சுப் பிசகாமல் ஏற்றிய இடங்களில் பிழையும் அச்சுப் பிசகாமல் ஏறியது. கணினிப் பட்டா என்ற மரியாதையும் அதற்குச் சேர்ந்துகொண்டது. யு.டி.ஆர். பிழைத் திருத்த மனுக்கள் மாவட்ட வருவாய் அலுவலரிடம் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. புல எண்ணைப் பார்த்ததுமே இது சரியில்லையே என்று சந்தேகப்பட்ட ஊழியர் ஒருவர் அன்றைக்கு இருந்திருப்பார். அந்தச் சந்தேகத்தைப் பதிய அவருக்கு ஒரு கட்டம் இருந்ததா? நாளைக்கு நூறு தாள் பார்ப்பவருக்குத்தான் எந்தத் தாள் ஊருக்கு ஒவ்வாதது என்று முதலில் உறைக்கும். அவரிடம் அந்த அறிவைக் கேட்டு வாங்காத மென்பொருள், விரலை மட்டும் வாடகைக்கு எடுக்கிறது.

அப்படியானால் அலட்சியமான ஊழியரே கிடையாதா என்றால், உண்டு. எல்லா வேலையிலும் உண்டு. ஆனால் ஒரு படிவத்தில் ஒருவர் தவறினால் அது ஆளின் குணம். பத்து ஊர்களில் பத்துப் பேர் அதே கட்டத்தில் அதே விதமாகத் தவறினால் அது கட்டத்தின் குணம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை நிர்வாகத்துக்கு இருப்பதில்லை. இருமுறை பதிவுக்கு ஆட்செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லாக் கட்டத்துக்கும் யாரும் கேட்கவில்லை. சரிபார்ப்பு இலக்கமும் இல்லாத, பட்டியலிலிருந்து எடுக்கவும் முடியாத, தவறினால் ஒருவரின் நிலமோ பணமோ போகும் கட்டங்களுக்கு மட்டும் போதும். அவை ஒரு படிவத்தில் மூன்றோ நான்கோ இருக்கும்.

செலவு என்று பேசினால், இப்போது அதை யார் கொடுக்கிறார்கள் என்றும் பேச வேண்டும். தன் பெயரில் விழுந்த பிழையைத் திருத்தப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டு, கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, தான் தான்தான் என்று நிரூபிக்கச் சான்று தேடுகிறார். ஆதாரில் பெயரை இரண்டு முறை, பிறந்த தேதியை ஒருமுறை மாற்றலாம் என்று வரம்பு. அதற்குமேல் என்றால் தனி அனுமதிக்கு அலைய வேண்டும். மாற்றம் கேட்பவர் ஏமாற்றுக்காரராக இருக்கலாம் என்ற ஐயத்தில் பிறந்த விதி இது. பதிவிட்ட இடத்திலேயே பிழை நடந்திருக்கலாம் என்ற ஐயம் அந்த விதியை எழுதியவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குத் திருத்த மனு அதிகம் வருகிறது என்ற கணக்கு புதிதாகச் சேகரிக்க வேண்டியதல்ல. ஒவ்வொரு திருத்தமும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நாள், மையம் ஆகியவற்றோடு பதிவாகியிருந்தால், ஒரே வினவலில் எடுத்துவிடலாம். கட்டம் வாரியாக அந்தக் கணக்கை மாதம் ஒருமுறை எடுத்துப் படிவத்தை வடிவமைத்தவரின் மேசையில் வைக்கட்டும், பொதுமக்கள் பார்வைக்கும் வெளியிடட்டும். உள்ளீட்டு ஊழியருக்கு மெமோ கொடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.